டீலியா அத்தையின் பெரிய வீடு

...அதைத்தாம்மா நானும் சொல்றேன், எனக்கு விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. பைபிளும் விக்கல, தூசி உறிஞ்சுற மெஷினும் விக்கல. இந்தப் பையில இருக்கிறது நான் சுட்ட ரொட்டி, எங்க ஊரு டீத்தூள் பொட்டலம், மாத்து ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடி. பன்னி ரத்தத்துல செஞ்ச சாசேஜும் இருந்துச்சு. ஏர்போர்ட்டுல ஒருத்தன் கையில உறையை மாட்டிக்கிட்டு, செத்த எலியைத் தூக்குற மாதிரி தூக்கிக் குப்பையில போட்டுட்டான். சட்டையில பேரைப் பாத்தேன், மர்ஃபி. மர்ஃபின்னு எங்க ஐரிஷ் பேரை வெச்சுக்கிட்டு அந்த வேலையைச் செய்யுறான்.

நீங்க கதவுச் சங்கிலியைக் கழட்ட வேணாம், அப்படியே இருங்க. இந்த இடுக்கே எனக்குப் போதும். எதிர்வீட்டு அம்மா திரையை விலக்கி விலக்கிப் பாக்குது, போலீசுக்கு போன் போட்டிருந்தாலும் போட்டிருக்கும். வரட்டும். இந்த பாஸ்டன் போலீசுல பாதிப் பேரு எங்காளுங்கதானே. வந்தா அவன் பாட்டி எந்த மாவட்டம், எந்தக் கோயில் பங்குன்னு கேட்டு, அவனையும் இங்கயே உக்கார வெச்சுடுவேன்.

என் பேரு அட்ராக்டா டோலன். அயர்லாந்துல ராஸ்காமன்லருந்து வர்றேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, இது எங்க அத்தை வீடுதானான்னு சொல்லிடுங்க, போயிடுறேன். காலையிலருந்து இந்தத் தெருவுல மூணு வீட்டுக் கதவைத் தட்டிட்டேன். ஒரு வீட்ல நாய். ஒரு வீட்ல நாயை விட மோசமா ஒரு ஆளு. மூணாவது வீட்ல நல்ல பையன், ஆனா அது பல் டாக்டர் வீடு, என் வாயைத் திறக்கச் சொல்லிட்டான்.

இருங்க, ஆரம்பத்துலருந்து சொல்றேன். எங்க தாத்தாவுக்குப் பிள்ளைங்க எட்டு. நிலம் கையகலம். அதனால ஒவ்வொண்ணா கப்பலேத்தி விட்டாங்க. முதல்ல போனவ டீலியா, எங்கப்பாவோட மூத்த அக்கா. அவ கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி ஊரே கூடி, செத்த வீட்டுக்கு உக்கார்ற மாதிரி விடிய விடிய உக்காந்திருந்தாங்களாம். பாட்டி ஒப்பாரி வெச்சுச்சாம். பொண்ணு என்னமோ அடுப்படியில உக்காந்து உருளைக்கிழங்கு தின்னுக்கிட்டு இருந்துச்சாம். அப்பல்லாம் அப்படித்தான், போனவங்க திரும்பி வர மாட்டாங்க.

போன ரெண்டாவது வருஷம் வந்துச்சு பாருங்க, இந்தப் போட்டோ. இப்பக் காட்டுறேன், இருங்க, ரொட்டிக்கு அடியில போயிடுச்சு. தூண் வெச்ச பெரிய வீடு, கல்லுப்படி, படியில எங்க அத்தை. தொப்பியில இறகு. உடம்புல ரோமக் கோட்டு. பின்னால மரத்துல இலை அப்படி அடர்ந்து நிக்குது, நல்ல வெயில் காலம், இவ ரோமக் கோட்டுல நிக்கிறா. அவ்வளவு பகட்டு. சேசுவோட திரு இருதயப் படம் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம், அப்படித்தான் எங்க வீட்ல மாட்டியிருந்துச்சு. நாங்க ஜெபம் சொல்லும்போது பாதிக் கண்ணு இவ மேலதான் இருக்கும்.

அவ்வளவு பெரிய வீட்ல இருக்கிறவ எங்களுக்கு என்ன அனுப்புனா தெரியுமா? பழைய துணி. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு மூட்டை. எல்லாம் யாரோ போட்டுக் கழிச்சது. கைக்குட்டையில கூட வேற யாரோட எழுத்தோ தச்சிருக்கும். எங்கம்மா சொல்லும், 'இவ்வளவு பணம் இருந்தும் பழைய துணிக் கடையில வாங்கி அனுப்புறாளே, கஞ்சப் பிசினாறி'ன்னு. சொல்லிக்கிட்டே மூட்டையில வந்த பாவாடையைப் பிரிச்சு எனக்குச் சட்டை தச்சுரும். நான் அதைப் போட்டுக்கிட்டுப் பூசைக்குப் போவேன். யாரு கேட்டாலும் 'அமெரிக்காவுலருந்து'ன்னு சொல்லுவேன்.

இல்லம்மா, அத்தை கல்யாணம் கட்டல. கட்டுனதா எழுதவே இல்ல. எங்க கிராமத்துல என்ன பேசிக்கிட்டாங்கன்னா, சொத்து பிரிஞ்சுடும்னு கட்டலையாம்.

கடைசியில ஒரு வருஷம், வயசானப்புறம், அப்பாவுக்கு எழுதுறா. 'தம்பி, ஊருக்கே வந்துடலாம்னு பாக்குறேன். உன் வீட்ல அடுப்படி ஓரமா ஒரு கட்டில் போட்டாப் போதும், நான் ஒருத்தருக்கும் பாரமா இருக்க மாட்டேன்'னு. அப்பாவுக்கு வந்துச்சே கோவம். எங்க கூரை அப்ப மூணு இடத்துல ஒழுகுது, நாங்க ஆறு பேரு ரெண்டு ரூம்ல கிடக்கோம். 'மாளிகையில இருந்துக்கிட்டு அடுப்படி கேக்குறா, நக்கலா'ன்னு குதிச்சாரு. 'உனக்கு ஏத்த இடம் இங்க இல்ல, உன் தூண் வீட்லயே இருந்துக்கோ'ன்னு பதில் போட்டாரு. அதுக்கப்புறம் அவ எழுதவே இல்ல. மூட்டை மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு, ஒரு நாள் அதுவும் நின்னுபோச்சு.

இப்ப விஷயம் என்னன்னா, என் தம்பி மாலகி குடும்பக் கல்லறைக்குப் புதுக் கல்லு வைக்கிறான். அங்க புதைக்கலன்னாலும், வெளிநாட்டுல செத்தவங்க பேரையும் கல்லுல வெட்டுறது எங்க வழக்கம். தாத்தாவோட எட்டுப் பிள்ளைங்கள்ல ஏழு பேரோட பேரு லிஸ்ட்ல இருக்கு. டீலியா பேரைப் போடக் கூடாதுன்னு அப்பா சாகும்போது சொல்லிட்டுச் செத்தாரு. மாலகிக்கு மனசு கேக்கல. எனக்கு நல்லாவே கேக்குது. நான்தான் போடாதேன்னு சண்டை பிடிச்சேன். 'நீயே போயி அவ எப்படி வாழ்ந்தான்னு பாத்துட்டு வந்து சொல்லு, அப்புறம் கொத்தனார்கிட்ட சொல்றேன்'னுட்டான். வந்துட்டேன். இந்த மாடியையும் தூணையும் பாத்தா, என் கட்சிதான் ஜெயிச்சுதுன்னு தோணுது.

இந்தாங்க, கிடைச்சுடுச்சு. இடுக்கு வழியா வாங்கிக்கோங்க. மடக்கிடாதீங்க.

என்ன, அப்படியே பாக்குறீங்க? வீடு இதுதானே? ஆமாம்மா, படியைத்தான் பாத்து நானும் கண்டுபிடிச்சேன்.

கோட்டா? கோட்டுக்கு என்ன? ... உங்க பாட்டி கோட்டு எப்படி இவ மேல இருக்கும்?

மேரியா? இல்லம்மா, நீங்க ஆள் மாத்தி நினைக்கிறீங்க. இது டீலியா. டீலியா டோலன். இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்குமே, கழுதை உதைச்சது. ... இருக்கா? உங்க மேரிக்கும் இருந்துச்சா?

எந்த மேரி? உங்க வீட்ல சமையலுக்கு இருந்தவளா?

... இங்க வேலைக்கு வந்த எல்லாப் பொண்ணையும் மேரின்னுதான் கூப்பிட்டீங்களா? ஏன், பேரைக் கேட்டு வெச்சுக்கிறது அவ்வளவு கஷ்டமா?

இல்ல, நீங்க சின்னப் பிள்ளை அப்ப, உங்களைச் சொல்லல. சொல்லுங்க. ... வெயில் காலத்துல நீங்க எல்லாரும் கடற்கரை வீட்டுக்குப் போயிடுவீங்க. வீட்டைப் பாத்துக்க இவ மட்டும் இருப்பா. ஆமா. அலமாரியைத் திறந்திருப்பா. போட்டோக்காரனைக் கூட்டியாந்திருப்பா. பத்தொம்பது, இருவது வயசு இருக்கும். ஊருல அவ அம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சிருப்பா, வேற என்ன.

இருங்க, நான் கொஞ்சம் இந்தப் படியில உக்காந்துக்கிறேன். கேக்காமயே உக்காந்துட்டேன்.

அந்தத் துணியெல்லாம் உங்களோடதா? பச்சையில வெள்ளைப் புள்ளி போட்ட பாவாடை? ... உங்க அம்மாவோடதா. அது எனக்கு அஞ்சு வருஷம் வந்துச்சும்மா.

கடைசி வரைக்கும் இங்கயேதான் இருந்தாளா? எங்க தூங்குவா? ... கூரைக்கு அடியிலயா. அந்த வயசுலயும் அவ்வளவு படி ஏறுனாளா? அடுப்படி ஓரமா கட்டில் கேட்டாளே, மாடிப்படி இல்லாத இடமா கேட்டிருக்கா. நாங்க என்ன சொன்னோம் பாருங்க. என் வாயால இப்பத்தானே உங்ககிட்டச் சொன்னேன், சிரிச்சுக்கிட்டே சொன்னேன். வெக்கமா இருக்கும்மா.

வேணாம், கைக்குட்டை எங்கிட்ட இருக்கு. உங்க வீட்டுக் கைக்குட்டையா இருந்தாலும் இருக்கும்.

அந்த ரூமைப் பாக்கலாமா? அப்படியேதான் இருக்கா? பாத்தாகணும். மாலகிக்கு போன்ல சொல்லணும், பேரை முதல் வரியில வெட்டுன்னு. டீலியான்னு வெட்டணும், மேரின்னு இல்ல.

என்னது, சமையக்கட்டுலருந்துதான் அந்த மாடிக்குப் படியா? அப்ப நான் பின்பக்கமா சுத்தி வரணுமா, உங்களுக்கு அதுதான் சுளுவா?

மாட்டேம்மா. கோச்சுக்காதீங்க, ஆனா மாட்டேன். அந்தச் சங்கிலியைக் கழட்டுங்க. இத்தனை வருஷம் இந்த வாசலைத் தேய்ச்சவ பின்கதவு வழியாப் போனது போதும். அவ தம்பி மக நான் முன்வாசல் வழியாத்தான் வருவேன்.

ஒரு நிமிஷம், ஷூவை நல்லாத் துடைச்சுட்டு வர்றேன். யாரு தேய்ச்ச தரைன்னு எனக்குத்தானே தெரியும்.