வாசல் குழாய்

காலையில் பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைக்கிறேன். பால் பொங்குவதற்குள் முகம் கழுவிவிடுவேன். துண்டால் துடைப்பதில்லை. மின்விசிறிக் காற்றில் அதுவாகக் காயும்வரை உட்கார்ந்திருப்பேன். பிறகு காபி. ரெட்டியார்பாளையத்திலிருந்து கம்பெனிக்கு பைக்கில்தான் போகிறேன். பின் இருக்கை காலியாக இருப்பதால் பள்ளங்களில் வண்டி கொஞ்சம் தூக்கிப் போடுகிறது.

எங்கள் தையல் கூடத்தில் வேலை செய்த அஞ்சலாட்சியின் மகன் கொடுத்த புகாருக்காக வந்திருக்கிறீர்கள். முதலாளி என்னைக் கட்டாயப்படுத்தினாரா என்று கேட்டீர்கள். இல்லை. ஊரடங்கில் அவர் சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தார். "ஆர்டர் போவணும், ரூல்ஸும் மீறக் கூடாது, பாத்துக்கோ பிரேம்" என்று போனில் சொன்னார். அவ்வளவுதான்.

நாங்கள் தைப்பது தோல் பைகள். ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி நான். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்தவன். தையல் மெஷின்களைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஜன்னல்களைத் திறக்க வைத்தேன். காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு விடுப்பு, அன்றே கூடத்தை மூடி மருந்து தெளிக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

முதல் நாள் வாசலில் ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேரே சூடு பார்க்கும் கருவியை நீட்டினேன்; வெயிலில் வரிசையாக நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது காய்ச்சல் என்றது. வெயில் சூடுதான். அதனால் கை கழுவும் குழாயைக் கருவிக்கு முன்னால் மாற்றிப் போட்டு, முகத்தையும் கழுவச் சொன்னேன். ஈர நெற்றியில் கருவி குறைத்துத்தான் காட்டும். உண்மையான காய்ச்சலையும் அது மறைத்துவிடும் என்பது எனக்கு மறுநாளே புரிந்துவிட்டது. குழாயை நான் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று முதலாளியிடம் சொல்வது நன்றாக இருந்தது.

"இன்னா சார், கல்யாண மண்டபமா, மூஞ்சி கழுவிட்டு பந்திக்குப் போறதுக்கு?" என்று அஞ்சலாட்சி கேட்பாள். அவளுக்கு அடுத்த மெஷின் என் மனைவி சுமலதாவுடையது. சுமலதா பைகளுக்குக் கைப்பிடி தைப்பவள். வீட்டில் என்னை 'ஏங்க' என்பாள். கம்பெனி வாசலில் மட்டும் 'சார்'. கேலிக்குத்தான்.

ஒரு நாள் காலை சுமலதா காபியை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "வாசனையே தெரியலங்க. உடம்பு வேற சுடுது. இன்னைக்கு நான் வேலைக்கு வரலைங்க" என்றாள்.

"வா. அங்க காட்டுச்சுன்னா நானே அனுப்பிடறேன்" என்றேன். அது நியாயமாகத்தான் பட்டது.

அவள் தானாகத்தான் வேலைக்கு வந்தாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் முதலில் அப்படித்தான் சொன்னேன்.

வாசலில் கருவி காய்ச்சல் காட்டியது. முகம் கழுவியிருந்தும் காட்டியது. அவளை அனுப்பினால் கூடத்தை மூட வேண்டும். ஆர்டர் நின்றுவிடும். அதிகாரி வீட்டிலிருந்தே நோய் வந்தது என்பார்கள். "இன்னொரு தடவ கழுவிட்டு வா" என்றேன். போனாள். மறுபடி காட்டியது. மறுபடி அனுப்பினேன். நெற்றியில் நீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தபடி வந்து நின்றாள்.

பின்னால் நின்ற அஞ்சலாட்சி சிரித்தாள். "பொண்டாட்டியையே வுடமாட்றாரு பாருடி. இவுரு இருக்கறப்ப நமக்கு இன்னா பயம்?"

இந்த முறை கருவி காய்ச்சல் இல்லை என்றது. சுமலதா உள்ளே போனாள். அடுத்து அஞ்சலாட்சி போனாள்.

அந்த வாரமே தையல் கூடத்தில் பலர் படுத்தார்கள். பெரும்பாலானவர்கள் எழுந்துவிட்டார்கள். அஞ்சலாட்சி எழவில்லை. அவளைக் கொன்றது வாசலில் நான் செய்த காரியம். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விதியை நான் மீறவில்லை. ஒவ்வொருவரையும் அளந்துதான் உள்ளே விட்டேன்.

சுமலதா கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உள்ளே போய்ப் பார்க்க முடியாது. நர்ஸ் ஒருவர் வீடியோவில் காட்டினார். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கேட்பவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கிறது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. யாரோ அவள் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார்கள். போனில் இருந்த என்னை அவள் பார்க்கவில்லை. அந்தக் கருவியைத்தான் பார்த்தாள். எழுந்திருக்கப் போகிறவள்போல் முழங்கையை ஊன்றினாள்.

"இன்னொரு தடவ மூஞ்சி கழுவிட்டு வரட்டுமா, சார்?"