ஜப்பான் வெந்நீரில் இடுப்புக் கயிறு

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும், கம்பெனி டிரெயினிங்குக்கு ஜப்பான் போய்த் திரும்பியிருந்த அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்க வெந்நீர் ஊத்துல குளிக்கணும்னா துணியே கட்டக் கூடாதும்மா. ஆம்பளைங்க அத்தினி பேரும் அம்மணம்."

அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீயுமாடா?"

"கூட வந்தவங்க எல்லாம் எறங்கிட்டாங்க. நான் மட்டும் எப்படி நிக்கிறது?"

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காதைத் திருப்ப முடியவில்லை.

"அர்ணாக் கயிறயும் அவுத்துட்டியா?"

"அத எப்படிம்மா அவுப்பேன்? துணி வச்ச பொட்டியோட சாவிய அதுலதான் முடிஞ்சிக்கினேன்."

"வயித்துல பால வாத்தடா" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் என்னாத்துக்கு அம்மணம்னு சொல்ற?"