சமமாக வந்த புரதம்

ஆய்வுக்கான கரு உள்ள முட்டைகளை நானே போய்ப் பொறுக்கி வாங்குவேன், இன்ஸ்பெக்டர் சார். சித்தூர்ப் பண்ணைக்காரருக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் திருப்பதிக்கு எடுத்து வருவேன். கவனக்குறைவு எனக்குப் பிடிக்காது.

சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, கோழிக்கு ஒன்றுதான். அதிலுள்ள மரபணுக்களைச் சேவலின் உடல் அதிகமாகவே நகல் எடுக்கிறது. ஆனால் அந்த நகல்களிலிருந்து புரதம் உருவாகும்போது இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. இதைக் காட்டிய கட்டுரையால்தான் நான் பேராசிரியர் ஆனேன்.

என் ஆய்வு மாணவி லோயிஸ், எங்கள் சபைப் பெண், போன மாதம் கேட்டாள்.

"சார், ஆணையும் பொண்ணையும் தனித்தனியா மிஷின்ல ஓட்டிக்கினு வந்து, ரெண்டு சராசரியையும் நாமளே ஒரே அளவாக்கிட்டோமே. அப்ப சமமாத்தானே தெரியும்? ஒண்ணா வெச்சி ஓட்டிப் பாக்கட்டுமா?"

வேண்டுமென்று செய்ததல்ல. புரதத்தை அளக்கும் மிஷின் கிடைத்த வாரத்தில் கையில் இருந்த மாதிரிகளை ஓட்டினேன். ஆனாலும் பயந்துவிட்டேன். ஆராதனை முடிந்து அவள் அப்பா பிரகாசம் கைகுலுக்கினால்கூட எனக்கு வேர்த்தது. பேர் போய்விட்டால் அந்தச் சபையில் எப்படித் தலைகாட்டுவது, சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை அவளைத் திரவ நைட்ரஜன் பிடித்து வர அனுப்பினேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. நைட்ரஜன் ஆவியாகி அங்கே நிறைந்தால் மூச்சுக்காற்று இருக்காது. அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் வெளியில். லோயிஸுக்கு ஒரு கையில் புத்தூர்க் கட்டு, ஊற்றி முடிக்க நேரமாகும். ஃபேனை நிறுத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். வலிக்காது சார், படித்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினாள்.

"ஃபேனு நின்னுட்ச்சி சார். கதவு வேற மாட்டிக்கினுக்குது. வெளிய இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. தாழ்ப்பா இறுகிக்கிச்சி, பாக்குறேன்."

"சரி சார்." குரல் குழறத் தொடங்கியிருந்தது. "காலைலயே சொல்லணும்னு இருந்தேன். ஒண்ணா வெச்சி ஓட்டிட்டேன். அப்பவும் சமமாத்தான் வருது. உங்க கட்டுரை சரிதான் சார்."

என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. திறந்திருக்கலாம். ஆனால் திறந்தால், ஃபேனை நிறுத்தியது யார் என்று கேட்டிருப்பாளே. அந்தப் பயத்தில், உள்ளே சத்தம் அடங்கும்வரை தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றேன்.