முப்பது டிகிரியைக் கழிக்கிற பிள்ளை

...இல்ல தம்பி ஹக்கீம், குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. பெத்த பிள்ளையை யாராச்சும் குறை சொல்லுவாங்களா? நடந்ததைச் சொல்றேன், அவ்ளோதான். நீங்க பாட்டுக்கு கம்ப்யூட்டர் ஸ்க்ரூவைக் கழட்டுங்க. பார்த்து லா, மார்க்கெட்டுக்கு இழுத்துட்டுப் போற பசார் டிராலியில வச்சு பாதி ஜெலுத்தோங்கைச் சுத்தி உங்க கடைக்குக் கொண்டாந்திருக்கேன். மீன்காரர்கூட, இன்னிக்குப் பெரிய மீனா ஆன்ட்டின்னு கேட்டாரு.

மத்த வீட்டுல கம்ப்யூட்டர் வாங்குனா படம் பார்ப்பாங்க, பாட்டு கேட்பாங்க. எங்க வீட்டுல அதுக்குக் காய்ச்சல் பார்க்கிறோம். ஆமா தம்பி... உள்ள இருக்கிற சிப்பு எவ்வளவு சூடா இருக்குன்னு தெரிஞ்சாகணுமாம். எங்க பையன் கிஷனுக்கு ஊரே போடற சிஸ்டம் ஆகாது. லினக்ஸ்தான். ஓசியில கிடைக்குது, யார் வேணும்னாலும் உள்ள பூந்து திருத்தலாம். நல்ல விஷயந்தான், அன்னதானம் மாதிரி. ஆனா இவன் வாங்கின சிப்பு ரொம்பப் புதுசு. அதுக்குள்ள சூட்டை அளக்க சென்சார் இருக்கு, லினக்ஸுக்கு அதைப் படிக்கத் தெரியல. ரெண்டுக்கும் நடுவுல நின்னு சொல்றதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும். அதை எழுத உலகத்துல வேற ஆளே இல்ல பாருங்க, எங்க வீட்டு ஹால்ல பனியனோட உட்கார்ந்திருக்கிற இந்தத் துரைதான் எழுதணும்.

சும்மா சொல்லக்கூடாது, எழுதிட்டான். ஸ்க்ரீன்ல நம்பர் வந்துச்சு. நானும் சாமிக்குச் சூடம் காட்டிட்டு வந்து பார்த்தேன். தொண்ணூத்திரெண்டு. சும்மா கெடக்கிற மிஷினுக்குத் தொண்ணூத்திரெண்டு டிகிரி. இன்னும் கொஞ்சம் ஏறுனா தேத்தண்ணி கலக்கலாம். டிரைவர்லதான் தப்புன்னு அழிச்சு எழுதினான். அப்பவும் தொண்ணூத்திரெண்டு. திரும்ப எழுதினான்... அதேதான்.

இதைக் கொண்டுபோய் இன்டர்நெட்ல லினக்ஸ்காரங்க எல்லாரும் பார்க்கிற எடத்துல போட்டான். ஜெர்மனியில ஒரு பெரியவர், வர்றதையெல்லாம் படிச்சுச் சரின்னா சேர்த்துக்கிறது அவர்தானாம், மரியாதையாத்தான் கேட்டிருக்காரு, சூட்டைத் தணிக்கிற ஃபேன் ஓடுதான்னு. நம்ம கிஷன் ஐயாவுக்கு வந்துச்சே கோபம். டிரைவர் எழுதறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இதுன்னு. இன்னொருத்தர், அதே சிப்பு வச்சிருக்காராம், எனக்கு நாப்பத்தஞ்சுதான் காட்டுதேன்னாரு. அவருக்கு இவன் பதில் என்ன தெரியுமா? நீ பனியில இருக்கே, நான் பினாங்குல இருக்கேன்னு.

கடைசியில நம்ம துரையே ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சாரு. சில சிப்பு நெசத்தைவிடக் கூடுதலா காட்டுமாம், வர்ற நம்பர்ல கொஞ்சம் கழிச்சுக்கணுமாம். நம்மளுதும் அந்த ரகமாத்தான் இருக்கணும்னு முப்பதைக் கழிச்சுட்டான். இப்ப அறுபத்திரெண்டு. பிரமாதம். இது நல்லா இருக்கே தம்பி... எனக்கு சக்கரை பதினாலு காட்டுது, ஆறு ஏழுக்குள்ள இருக்கணுமாம். கிளினிக்ல அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட, எட்டைக் கழிச்சுக்கோம்மான்னு சொல்லிட்டு நேரா மைசூர்பாகு கடைக்குப் போயிடலாம் போல.

சிரிக்காதீங்க. ஜுருவுல அவன் பார்க்கிற ஃபேக்டரி வேலை இந்த மாசத்தோட சரி, ஆள் குறைக்கிறாங்க. செபராங் ஜெயாவுல ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கு. அவங்களுக்கு சர்டிபிகேட் வேணாமாம். நீ எழுதினதை லினக்ஸ்காரங்க சேர்த்துக்கிட்டாங்கன்னா காட்டு, வேலை தர்றோம்னுட்டாங்க. அதனால இன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல ஃபேக்டரியிலேருந்தே, கழிச்ச முப்பதோட அனுப்பப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அது தப்புன்னு ஆகி, பேரைப் போட்டு ஊரே சிரிச்சா அவனுக்கு எவன் வேலை குடுப்பான்? அதான் அவனுக்குத் தெரியாம இதைத் தூக்கிட்டு வந்தேன். பொய் சொல்ற அந்த சென்சாரைக் கழட்டிட்டு வேற போட முடியுமா பாருங்க. தண்ணீர்மலை முருகனுக்குப் பால் அபிஷேகம் நேந்துக்கிட்டேன், அப்பவும் அந்த நம்பர் எறங்குவேனான்னு...

என்ன தம்பி, அப்படிப் பார்க்கிறீங்க? என்னது அது, பின்னாடியிலேருந்து இழுத்துக்கிட்டே இருக்கீங்க...

பஞ்சு.

விளக்குத் திரிக்கு வாங்குற பஞ்சு.

அது... நான்தான் தம்பி. மிஷின் வந்த புதுசுல அந்த ஃபேன்ல ஒரு பல்லி மாட்டிக்கிச்சு. சாமி மேடைக்குப் பக்கத்துலயே வால் அறுந்து துடிக்குது... எனக்குச் சோறே எறங்கல. அதான் எங்கெங்க சந்து இருந்துச்சோ அங்கெல்லாம் பஞ்சை வச்சு அடைச்சேன். சத்தமும் நின்னுபோச்சு. தேவாரம் படிக்கும்போது வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா... ஃபேன்தான் நின்னிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அப்படின்னா அந்தத் தொண்ணூத்திரெண்டு... நெசந்தானா?

மணி என்ன தம்பி? ஐயோ, சாப்பாட்டு நேரம். இருங்க, அவனுக்குப் போன் போட்டுடறேன்...

கிஷன்? அம்மாதான். அனுப்பிட்டியாடா? இன்னும் இல்லையா? அனுப்பாதே. அந்த முப்பதைத் தூக்கிடு. உன் டிரைவர் சரியாத்தான் இருக்கு. ஏன்னா... நீ மொதல்ல கத்தாம கேளு. ஃபேன்ல பஞ்சு இருந்துச்சு. ஆமா, பஞ்சு. எந்தப் பஞ்சுன்னா... நம்ம வீட்டுப் பஞ்சுதான். தூசி அடைச்சிருந்துச்சுன்னு எழுதிக்கோயேன்... இல்ல, வேணாம், வேலை குடுக்கிறவங்க படிக்கிற எடம், பொய் எழுதாதே. எங்கம்மா அடைச்சு வச்சிட்டாங்கன்னே எழுது.

பல்லியையும் சேர்த்து எழுதுடா. இல்லேன்னா என்னை என்னன்னு நெனைப்பாங்க?