பச்சை பெயின்ட் அடித்தவன்

எனக்குப் பொரியோடு வெல்லத்தைக் கலந்தால் பிடிக்காது, சார். பொரி தனி, வெல்லம் தனி. எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

சாத்தூரிலிருந்து ஓசூருக்கு வந்து பதினோரு வருடமாக அந்த ஆலையில் ஃபிட்டர். கழித்துப்போட்ட குழாய்கள், லாரி பிரேக் டிரம்கள், காற்றழுத்தத்தில் அடிக்கும் சுத்தியல்கள், இவற்றை வைத்துத் தானாக வாசிக்கும் ஒரு வாத்தியம் செய்தேன். ஆள் உயரம் இருக்கும். வால்வைத் திறந்தால் நான்கு நிமிடம் வாசித்துவிட்டுத் தானே நிற்கும். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

ஆனந்தராஜ் சூளகிரிக்காரன், என் செக்‌ஷன்தான். பெங்களூர்க் கண்காட்சிக்கு அதை அனுப்பலாம், யார் செய்தது என்று மேனேஜர் கேட்டபோது முந்திக்கொண்டு, "நானும் பூபதிண்ணாவும் பண்ணது சார்" என்றான். அவன் செய்தது பச்சை பெயின்ட் அடித்தது மட்டும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அட வுடுண்ணா, ரெண்டு பேரு இருந்தா என்ன கொறஞ்சா பூடும்?" என்று சிரித்தான். பெயர் அட்டை வந்தது. அதில் அவன் பெயர்தான் முதலில்.

எங்கள் ஆலையில் இயந்திரத்துக்குள் கை விடுகிறவன் முதலில் வால்வில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வான். ஆயுத பூஜை அன்று மட்டும் பூட்டுகளையும் கழுவிப் பொட்டு வைத்து, ஸ்பேனர்களோடு சாமி முன்னால் அடுக்கிவிடுவோம். கற்பூரம் காட்டும்வரை யாரும் எதையும் ஓட்ட மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஆனந்தராஜ் மாலை கட்ட இடுப்புவரை வாத்தியத்துக்குள் நுழைந்தான். மற்றவர்கள் பூசணிக்காயோடு வாசல் கேட் பக்கம் நின்றிருந்தார்கள். தூசி ஊத கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, குழாயில் காற்று இருந்தது.

வால்வைத் திறந்தேன்.

முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. "ண்ணா, கை உள்ள கீது, நிறுத்துண்ணா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அடுத்தது பிடரியில். அதற்குப் பிறகு பேசவில்லை. பெரிய டிரம்மின் மேல் அவன் தலை கிடந்ததால் அந்த ஒரு சத்தம் மட்டும் கடைசிவரை சரியாக எழும்பவில்லை. நடுவில் ஏதோ உடைந்த பிறகு இன்னும் மந்தமாகிவிட்டது. அது வருத்தம்தான்.

வாக்குமூலத்தில் ஆத்திரத்தில் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள், சார். ஆத்திரக்காரன் என்றால் ஓர் அடியோடு வால்வை மூடியிருப்பான். நான் நான்கு நிமிடமும் பக்கத்திலேயே நின்று முழுப் பாட்டையும் கேட்டேன். வாத்தியத்தைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போகிறீர்களாம். அதில் ஒட்டும் சீட்டில் என் பெயரை மட்டும் போடுங்கள். அந்த வாத்தியத்தில் ஆனந்தராஜுக்குப் பங்கு எதுவும் கிடையாது.