முற்றத்தில் ஒரு சுவர்

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ். எனக்கு முன் சீட்டில், வீட்டு பிளான் போடும் பெண் ஒருத்தி மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில், அவள் பிளான் போடும் வீட்டின் சொந்தக்காரர்.

“அண்ணே, ஒங்க வீட்டுக் கூரை காணாமப் போயிருச்சு.”

“என்னம்மா சொல்றே?”

“நாலு பக்கத்து ஓடும் முற்றத்தப் பாத்துத்தானே சரியுது? முற்றத்துக்கு நடுவுல சுவரு வச்சா, சாப்ட்வேர் மொத்தக் கூரையவும் தூக்கிருதுண்ணே.”

“தம்பிக்கும் எனக்கும் பாகம் பிரிச்சாச்சும்மா. சுவரு இல்லாம எப்புடி?”

“சுவர எடுத்தா கூரை தானா வந்துருது. இங்க பாருங்க.”

திரையில் வீடு முழுசாக நின்றது. அதை அவர் திருமயம் கோட்டை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுவர வையிம்மா. அவன் மொகம் தெரியக்கூடாது. கூரை இல்லாட்டிப் போகுது.”