நான்காம் கம்பத்தின் வரிகள்

பதிவுக் கோப்பை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, சார். நாளிதழில் டெண்டர் அறிவிப்புகள் வருகின்றன. அவற்றை ஒரு வரி விடாமல் படிக்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதுபோலத்தான் இதுவும். கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். லாக் என்போம். அதில் முக்கால்வாசி குப்பை. வேண்டியதை மட்டும் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் எங்கள் தொழிலில் மரியாதை.

கறுப்புத் திரையில் ஓரிரு சொற்கள் தட்டினால் போதும். ‘டெயில்’ என்று தட்டினால் புதிதாக வந்து விழும் வரிகளைக் காட்டும். ‘கிரெப்’ என்பது நாம் கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். அதன் பக்கத்தில் ஒரு சிறு கோடும் ‘வி’யும் சேர்த்தால் தலைகீழாகிவிடும். அந்தச் சொல் உள்ள வரிகளைத் தள்ளிவிட்டு மீதியைக் காட்டும். ஏனாத்தூரில் படித்து முடித்ததிலிருந்து இதுதான் என் பிழைப்பு. அரிசியில் கல் பொறுக்குகிற வேலைக்கு இவ்வளவு படிப்பா என்று என் தங்கை கீர்த்தி கிண்டல் செய்வாள்.

எங்கள் ஊருக்குத் திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகவேண்டும். போன வருடம் ஒரு தனியார் நிறுவனம் வந்து எங்கள் ஏரியில் வெள்ள எச்சரிக்கைக் கம்பங்கள் நட்டது. ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு கண் இருக்கும். தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, எங்கள் வீட்டு மாடியில் வைத்த கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், விஷயம் தெரிந்தவன் என்று பராமரிப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

நான்காம் கம்பம் மட்டும் ஏரியில் இல்லை. இருளர் குடியிருப்புக்குப் பின்னால், உபரித் தண்ணீர் போகிற கால்வாயில் நின்றது. மேலே இருக்கும் ஏரி உடைந்தால் தண்ணீர் எங்கள் ஏரிக்கு வராது, நேராக அந்தக் கால்வாயில்தான் இறங்கும். ஊர் மேட்டில் இருக்கிறது, அவர்கள் பள்ளத்தில் இருக்கிறார்கள். அந்த இடத்தை அவர்களுக்கு நான் கொடுக்கவில்லை. அபாயம் என்று ஒரு வரி வந்தால் அவர்கள் குடியிருப்பில் கட்டியிருந்த சைரன் தானாக ஊதும். ஊதினால் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பக்கத்தில் இருக்கிற மேடு எங்கள் நெற்களம்தான்.

முதல் மழையிலேயே சைரன் ஊதியது. எல்லோரும் பாய், பானை, ஆடு, கோழியோடு களத்துக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை. கம்பத்தின் கண்ணில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, அதைத் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டது கம்ப்யூட்டர். அன்று என் அப்பாவே அவர்களுக்குச் சோறு வடித்துக் கொடுக்கச் சொன்னார். நாங்கள் இரக்கமில்லாதவர்கள் இல்லை. அடுத்த வாரம் மறுபடி ஊதியது, மறுபடி வந்தார்கள். இந்த முறை அந்தக் குடியிருப்புச் சுப்ரமணியின் பெண்சாதி காளியம்மாள் களத்து ஓரத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிவிட்டாள்.

“இன்னாடா இது ஜெகன்,” என்றார் அப்பா. “இப்டியே வந்து வந்து குந்திக்கினா, ஒரு நா போவ மாட்டாங்க. அப்பால நம்ம களம் நம்முது இல்ல.”

“பூச்சி கூடு கட்டிக்கீது நைனா. நான் பாத்துக்கறேன்.”

அன்றே வடிகட்டி போட்டேன். கிரெப், கோடு, வி, நான்காம் கம்பத்தின் பெயர். அவ்வளவுதான். அந்தக் கம்பம் என்ன சொன்னாலும் திரையில் வராது. வடிகட்டி விடுகிற வரிகள் மட்டும்தான் சைரனுக்கும் போகும். எதையும் நான் அழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வரியும் கோப்பில் இருக்கிறது. பொய் சொல்கிற ஒரு கம்பத்தை ஒதுக்கி வைத்தேன், என் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஐப்பசியில் நிறுவனத்து ஆள் பீட்டர் வந்து கண்ணை மாற்றினான். மூடி போட்ட கண், பூச்சி நுழையாது. “இனிமே பொய் சொல்லாது ஜெகன், ஃபில்டர எடுத்துடு,” என்றான். எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் கார்த்திகையில் கீர்த்திக்கு நிச்சயதார்த்தம், களத்தில்தான் பந்தல். அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். மூன்று வரன் தட்டிப்போன வீடு, சார். அம்மா இல்லாத பெண். அந்தக் கவலை என்னவென்று தங்கை இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

சுப்ரமணி எங்கள் வயலில் வேலை செய்கிறவன். என்னைவிட மூத்தவன்தான், ஆனாலும் எங்கள் ஊரில் அவர்களை அவன் இவன் என்றுதான் கூப்பிடுவோம். பொய்ச் சைரன் ஊதிய சமயத்தில் ஒருநாள் மாடிக்கு வந்து, கம்பம் எப்படிப் பேசுகிறது என்று கேட்டான். திரையைக் காட்டினேன். அபாய வரி சிவப்பாக வரும்படி நான் அமைத்திருந்தேன். அவனுக்கு எழுத்து தெரியாது. “செவப்பு வந்தா ஓடணும், இல்லன்னா தூங்கலாம், அவ்ளோதான சாமி?” என்றான். அவ்வளவுதான் என்றேன். அதற்குப் பிறகு வானம் இருட்டினால் ஏறி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான். பிறகு வடிகட்டி போட்டேனே, அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் புரியாது என்று விட்டுவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் மழை விட்டிருந்தது. ஒரு வாரமாகப் பெய்த மழை. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். சுப்ரமணி அண்டா கழுவிக்கொண்டிருந்தான். காளியம்மாளுக்குக் காய்ச்சல் என்று அவள் வரவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள மகள் சித்ரா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

மாப்பிள்ளையின் தம்பி சார்ஜர் கேட்டான். எடுக்க மாடிக்குப் போனேன். போனவன் சும்மா வந்திருக்கலாம். தொழில் பழக்கம், வடிகட்டி இல்லாமல் திரையில் இன்னொரு சன்னலில் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான்காம் கம்பத்தின் வரிகள் சிவப்புச் சிவப்பாக வந்து விழுந்துகொண்டிருந்தன. பூச்சி கூடு கட்டினால் அளவு ஒரேயடியாகக் குதிக்கும். இது படிப்படியாக ஏறியது. தண்ணீர்தான் அப்படி ஏறும். மேல் ஏரி உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆமாம், தெரிந்துவிட்டது. இதை நான் மறைக்கப்போவதில்லை.

வடிகட்டியை எடுத்தால் அந்த நொடியே சைரன் ஊதும். ஊதினால் குடியிருப்பு மொத்தமும் ஈரத் துணியும் ஆடும் குழந்தைகளுமாகப் பந்தலுக்குள் வந்து நிற்கும். பந்தலில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்; எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிற மனிதர். தட்டு மாற்ற நல்ல நேரம் நெருங்கிவிட்டது. மாற்றி முடித்ததும் ஊதவிடலாம் என்று நினைத்தேன். அதுவரை தண்ணீர் குடிசைகளுக்கு வராது என்று நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை. வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அப்போது சுப்ரமணி படியேறும் சத்தம் கேட்டது. சிவப்பு வந்துகொண்டிருந்த சன்னலை மூடினேன். வடிகட்டிய திரை மட்டும் மிச்சம் இருந்தது.

“சாமி, மேக்கால ஒரேடியா கருத்துக்கினு கீது. வூட்ல அது சொரத்துல எய்ந்துக்க முடியாம கீது. கம்பம் இன்னா சொல்து?”

“நீயே பாரு,” என்றேன்.

குனிந்து பார்த்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, திரையைத் தொடாமல், மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தான். “செவப்பு இல்ல சாமி,” என்று சிரித்தான். பிறகு தயங்கி, “எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடட்டா?” என்று கேட்டான்.

“பந்திக்கு எல போடற நேரம். இப்ப போனா எப்டி?”

“அதுவும் சரிதான் சாமி,” என்று இறங்கிப் போனான். நான் அனுப்பியிருந்தால் அவனும் தண்ணீரோடு போயிருப்பான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டு நல்லபடியாக மாற்றினார்கள். பெரியப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கீர்த்தி தலை குனிந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. உடனே மாடிக்கு ஓடி வடிகட்டியை எடுத்தேன். சைரன் ஊதியது. பந்தியில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். கொஞ்ச நேரம்தான் ஊதியது, பிறகு தண்ணீருக்குள் போய்விட்டது. சுப்ரமணி இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். வேலிக்காத்தான் புதரில் சிக்கிக் கிடந்த காளியம்மாளையும் சித்ராவையும் மறுநாள் எடுத்தார்கள். இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி இருந்தார்கள் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, எனக்கு அதெல்லாம் தாங்காது. மற்றவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன.

ஊரில் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சுப்ரமணியே எனக்காகப் பேசுகிறான். “ஜெகன் சாமி எனக்குக் காட்டுச்சு, நான் பாத்தேன், செவப்பே இல்ல, தண்ணிதான் திடுக்குனு வந்துடுச்சு,” என்று வருகிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்கிறான். பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொள்கிறான். காலையில் எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து, சொல்லாமலே மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுகிறான். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம். நான் தட்டிய கட்டளைகளும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும், எப்படியும் நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்பது இன்னொரு காரணம்.

நான் சொன்னதை நேரம் குறிப்பிட்டு எழுதியிருந்தால் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. காலையில் நான் வண்டியை எடுத்தபோது, நிவாரண விஷயமாகத்தான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று நினைத்து சுப்ரமணியும் பின்னால் ஏறிக்கொண்டான். வெளியே வேப்பமரத்தடியில் என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், சார். யார் மனதையும் நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.